விற்றுப்போன படம்

ஒன்பது வருடமாக அந்த ஓவியக்காரி மூடிய ஜன்னல்களாகவே வரைந்து தள்ளிக்கொண்டிருந்தாள். முதல் ஜன்னலை ஒரு மழைநாளில் பொழுது போகாமல்தான் வரைந்தாள். அது விற்றுத் தொலைத்தது. அன்றிலிருந்து கேலரி முதலாளி அவளை வேறு பக்கம் திரும்ப விடவில்லை. எதை வரைந்தாலும் அவர் மூலமாகத்தான் வெளியே போக வேண்டும், விற்பனை பற்றி யாரிடமும் அவள் வாய் திறக்கக்கூடாது என்று ஒப்பந்தம். கையெழுத்துப் போட்ட அன்று அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். படித்துப் பார்க்கவா தோன்றும்?

இந்த முறை பிடிவாதமாக அக்காவை வரைந்து கொண்டுவந்திருந்தாள். வேலை முடிந்து வந்த அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல், நாற்காலியில் வாய் பிளந்து தூங்குகிற படம்.

"இது ஒண்ணு வித்துட்டா, அடுத்த கண்காட்சி உங்க இஷ்டம்மா. விக்கலைன்னா பழையபடி ஜன்னல்தான்" என்றிருந்தார் முதலாளி.

திறப்பு நாளன்று அவள் முன்னதாகவே வந்துவிட்டாள். பார்வையாளர் ஒருவரும் இன்னும் வரவில்லை. ஆனால் அக்கா படத்தின் விலைச்சீட்டில், விற்றாயிற்று என்பதற்கான சிவப்புப் புள்ளி ஒட்டியிருந்தது. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"யாரு சார் வாங்கினது?"

"யாரும் வாங்கலை. நான்தான் ஒட்டினேன்." முதலாளி ஒரு ஜன்னலை நேராக்கிக்கொண்டே சொன்னார். "ஜன்னல் வாங்கினவங்க இதைப் பாத்தா, இந்த அம்மா ஜன்னலை விட்டுட்டாங்கன்னு கலங்கிடுவாங்க. புள்ளி இருந்தா யாரும் விலை கேக்க மாட்டாங்க. படத்தை மாட்டாமலே விட்டா நீங்க மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவீங்க. அதான்."

"வித்தா அடுத்தது என் இஷ்டம்னு சொன்னீங்களே?"

"வித்தாத்தானேம்மா."

மனுஷர் சிரித்திருந்தாலாவது திட்டியிருக்கலாம். தச்சர் மரத்தைப் பற்றிப் பேசுவதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

கூட்டம் சேர்ந்தது. ஜன்னல்கள் ஒவ்வொன்றாகப் போயின. ஆஸ்பத்திரிச் சீருடைமேல் கோட்டு மாட்டிய ஒரு பெண் மட்டும் அக்காவின் முன்னால் வெகுநேரம் நின்றாள். பிறகு ஓவியக்காரியிடம் வந்தாள்.

"எங்க அம்மாவும் டியூட்டி முடிச்சு வந்து இப்படித்தான் தூங்குவாங்க. இது நிஜமாவே வித்துடுச்சாங்க? இல்லைன்னா நான் வாங்கிக்கிறேன்."

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அக்கா விற்றுப்போவாள், ஜன்னல் ஒழியும். நாலடி தள்ளி யாரிடமோ பேசிக்கொண்டிருந்த முதலாளியின் பேச்சு நின்றது. ஒப்பந்தம் இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. அவர் கைவிட்டால் படம் மாட்ட வேறெந்தச் சுவரும் அவளுக்குக் கிடைக்காது. பயம்தான், வேறொன்றுமில்லை.

"ஆமாங்க. வித்துடுச்சு."

"வாங்கினவங்க குடுத்து வச்சவங்க" என்று அந்தப் பெண் மறுபடி ஒருமுறை படத்தைப் பார்த்துவிட்டுப் போனாள்.

முதலாளி பக்கத்தில் வந்தார். "நல்லா சமாளிச்சீங்கம்மா. இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் தொழில் கத்துக்கிட்டீங்க."

"தேங்க்ஸ் சார்" என்றாள் அவள். சொன்ன பிறகுதான், என்ன சொன்னோம் என்பது அவள் காதில் விழுந்தது.