ஜெயம் கல்யாணத்து ஹெரால்டு

என் மச்சான் பலராமனை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் பெண்டாட்டியின் தம்பி. அதைவிட, என் மகள் ஜெயத்துக்குத் தாய்மாமன். தாய்மாமனாகிவிட்டதால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளவும் முடியாது. பட்டு வேட்டி கொடுத்து, மாலை போட்டு, முதல் மரியாதை செய்ய வேண்டும். யாருக்கு? என் வண்டியைக் கெடுத்தவனுக்கு!

என்னிடம் இருந்தது ஒரே ஒரு ஹெரால்டு கார். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கிய ஒரு சொல்தா, அதாவது பழைய சிப்பாய், பாரிசுக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனது. மேல்கூரையை மடக்கலாம். அதனால் எழுபதுகளில் பாண்டிச்சேரி மாப்பிள்ளைகளில் பாதிப் பேர் அதில்தான் ஊர்வலம் போனார்கள். நாதஸ்வரக்காரர் நடந்தால் அதுவும் நடக்கும். அதுதான் என் பிழைப்பு. என் மகளைக் கட்டுகிறவனும் அதே வண்டியில், நான் ஓட்டித்தான் வரவேண்டும் என்று அவள் பிறந்தபோதே சொல்லிவைத்திருந்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் கிளட்ச் பிளேட் மாற்ற வண்டியைப் பலராமனின் ஷெட்டில் விட்டேன். சொன்ன வேலையோடு நின்றானா? இன்ஜினுக்குப் பின்னால் கனமான இரும்புச் சக்கரம் ஒன்று இருக்கும், ஃப்ளைவீல். அதையும் கழற்றி, லேத்தில் கொடுத்து, பாதிக் கனத்தைக் கடைந்து தள்ளிவிட்டான். மாப்பிள்ளை அழைப்பு அன்று மதியம்தான் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திப் பல்லைக் காட்டினான்.

"மாமா, லாஸ்பேட்ட ரோட்டுல ஓட்டிப் பாத்தேன். மிதிச்சா போதும், பறக்குது!"

பறந்தது, இல்லையென்று சொல்லவில்லை. நானும் ஒரு சுற்றுப் போய்ப் பார்த்தேன். திண்டிவனம் ரோட்டில் விட்டால் பஸ்ஸெல்லாம் பின்னால்தான் நிற்கும்.

"மாப்ளய வச்சிக்கினு ரேசுக்காடா போவப்போறேன்? ஊர்வலத்துல மெதுவா உருட்டனா நிக்காம ஓடுமாடா இது?"

"ஆக்சிலேட்டர அமுக்கிக்கினே இரு மாமா. ஒண்ணும் ஆவாது."

"கடைஞ்ச இரும்பத் திருப்பி ஒட்டுவியாடா, அறிவு கெட்டவனே?"

தலையைச் சொறிந்தான். முகூர்த்த நாளில் வேறு திறந்த வண்டிக்கு நான் எங்கே போவேன்?

சாயங்காலம் கோயில் வாசலில் மாப்பிள்ளை வடிவேல் ஏறி உட்கார்ந்தார். கிளட்சை விட்டேன். ஒரு குலுக்கு, வண்டி நின்றது. ஆக்சிலேட்டரை அழுத்தினேன். உறுமிய உறுமலில் நாதஸ்வரமே கேட்கவில்லை; தவில்காரர் பயந்து ஓரமாய் ஒதுங்கினார். மறுபடி குலுக்கல். மாப்பிள்ளையின் தலைப்பாகை என் மடியில் வந்து விழுந்தது. கனம் இருந்தவரை அந்தச் சக்கரமே சுற்றி இன்ஜினை அணையவிடாமல் பார்த்துக்கொண்டது. இப்போது காலை எடுத்தால் உயிர் போய்விடுகிறது.

பெரிய மார்க்கெட் பக்கம் வருவதற்குள் மாப்பிள்ளையின் அத்தை தனக்கொடி ஆரம்பித்துவிட்டாள்.

"பொண்ணு ஊட்டு வண்டியே பொண்ணு ஊட்டுக்கு வரமாட்டேங்குதே. எனக்கு மனசே சரியில்ல."

சம்பந்தி நாராயணசாமி என்னிடம் வந்தார். "மாப்ள நடுவழியில எறங்கக் கூடாது. இன்னொரு தபா நின்னிச்சின்னா ஊர்வலத்தக் கோயிலுக்கே திருப்புங்க. மத்தத அப்புறம் பேசிக்கலாம்."

அப்புறம் பேசிக்கலாம் என்றால் கல்யாணம் இல்லை என்று அர்த்தம். வீட்டில் ஜெயம் பட்டுப்புடவை கட்டி உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் என்னவென்று போய்ச் சொல்வேன்?

இன்ஜினை அணைத்தேன். கியரை நியூட்ரலுக்குத் தள்ளினேன்.

"டேய் பலராமா! பின்னால போயித் தள்ளுடா!"

நாலைந்து பேர் உதவிக்கு ஓடிவந்தார்கள்.

"யாரும் கைய வெக்காதீங்க! தாய்மாமன்தான் தள்ளிக்கினு வரணும். அது எங்க வழக்கம்!" என்று கத்தினேன். அப்படியொரு வழக்கம் எங்கள் வம்சத்திலேயே கிடையாது.

தனக்கொடியின் முகம் மாறிவிட்டது. "அட, இப்பிடி ஒரு சீரா! மொதல்லயே சொல்லக் கூடாதா?"

வண்டி பழைய மாதிரி உருண்டது. நாதஸ்வரம் காதுக்குக் குளிர்ச்சியாகக் கேட்டது. போகிறவர் வருகிறவரெல்லாம், தாய்மாமன்னா இப்படி இருக்கணும் என்றார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கெடுத்தது அவன், பேரும் அவனுக்கா? மெல்ல பிரேக்கில் காலை வைத்தேன். வண்டி நிற்காது, ஆனால் தள்ளுகிறவனுக்கு நாக்குத் தள்ளும். வைத்த காலை எடுக்கவேயில்லை.

வடிவேல் குனிந்து என் காதோரம் சொன்னார். "மாமா, பிரேக்குல கால் கீதுபோல."

"தெரியும் மாப்ளே. நீங்க சிரிச்ச மொகமா உக்காருங்க."

வீட்டு வாசலில் ஆரத்தி சுற்றினார்கள். ஜன்னலில் ஜெயத்தின் முகம் தெரிந்தது, சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. இறங்கிப் பின்னால் போனேன். பலராமன் பட்டு வேட்டியெல்லாம் அழுக்காக, உள்ளங்கை சிவந்து, டிக்கியில் சாய்ந்து இரைத்துக்கொண்டிருந்தான்.

"இப்பத் தெரியுதாடா, கனம்னா என்னான்னு?"

"தெரியுது மாமா." துண்டால் முகத்தைத் துடைத்தான். "வழி நெடுக பிரேக் லைட்டு என் மூஞ்சிக்கு நேராத்தான எரிஞ்சிச்சி."

தெரிந்தேதான் தள்ளியிருக்கிறான், படுபாவி. அவனைத் திட்டுவதற்கென்று வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்த அத்தனையையும் விட்டுவிட்டு, "உள்ள வாடா, மொதல்ல கையக் கழுவு" என்று அவன் தோளைப் பிடித்து அழைத்துப்போனேன்.