லாசருக்குக் கல்யாணப் பத்திரிகை

பம்பாய்க்கு வருகிறவர்கள் கடலைப் பார்ப்பார்கள், மாடி பஸ்ஸைப் பார்ப்பார்கள். திருநெல்வேலிச் சீமை நாசரேத்துப் பக்கத்திலிருந்து வந்த செல்வமேரிக்குப் பார்க்க வேண்டியிருந்தது செத்துப்போன புருஷனை.

மகள் ரோஸிக்குக் கல்யாணத்துக்கு இன்னும் நாலு நாள். மாப்பிள்ளைக்குப் பம்பாய்ப் பக்கம் கல்யாண் ஸ்டேஷனில் ரயில்வே வேலை. பெற்றவர் கல்லறையில் பத்திரிகை வைத்து ஜெபம் பண்ணாமல் அவர்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணும் கோயில் படி ஏறியதில்லை.

லாசருக்கோ கல்லறை கிடையாது. தாராவித் தோல் கிடங்கில் வேலை பார்த்த மனிதர், இருபது வருஷத்துக்கு முன் வாந்திபேதியில் போனார். ரோஸி அப்போது வயிற்றில். புதைத்த குழியில் அதற்கப்புறம் எத்தனை பேரோ. போட்டோவும் இல்லை. போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்று பயந்த மகராசன், பிடிக்காமல் இருந்து என்னத்தைக் கண்டார்?

ஆனால் ஒரு பொம்மை இருந்தது. கடைசியாக ஊருக்கு வந்தபோது அவரே சொன்னார்: "மியூசியத்துக்குப் பொம்மை செய்யுதவன் எங்க கிடங்குல பத்துப் பேரைக் கூட்டிட்டுப் போனான். மூஞ்சியை மண்ணுல அப்படியே புடிச்சு, தேசத்துக்கு ஒரு சட்டையா மாட்டி நிறுத்திட்டான். நான் எந்த தேசத்தானோ, எனக்கே தெரியாது."

தாராவிக்கு வந்து பத்து வருஷமான அவள் அண்ணன் மகன் தனசீலனுக்கே அப்படியொரு இடம் தெரியவில்லை. நாலு பேரிடம் இந்தியில் விசாரித்து, கிங்ஸ் சர்க்கிளில் பஸ் ஏற்றி அத்தையையும் ரோஸியையும் கூட்டிப்போனான். மியூசியத்து வாசலில் காவல்காரர் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். ஆள் வந்ததில் அவருக்கே ஆச்சரியம்.

"எந்த தேசம்னு தெரியாம மாமாவை எப்படி அத்தை கண்டுபிடிப்பிய?"

"தேசம் என்னத்துக்குல? அவிய மூஞ்சி எனக்குத் தெரியாதா?"

மாடியில் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாகப் பத்து ஆண்கள். கேடயத்தோடு ஆப்பிரிக்காக்காரன், தலைப்பாகையோடு அரபுக்காரன், ரோமச் சட்டையோடு பனிநாட்டுக்காரன். உடுப்புதான் வேறே, முகமெல்லாம் திருநெல்வேலி முகம்.

செல்வமேரி கடைசி வரை நடந்தாள். திரும்பி வந்தாள். மறுபடியும் நடந்தாள்.

அவர் ஊருக்கு வந்த இரண்டு லீவில் சேர்ந்து வாழ்ந்தது மொத்தம் நாற்பத்துமூன்று நாள். அவர் குரல் ஞாபகம் இருந்தது. சட்டையின் தோல் வாடை இருந்தது. முகமும் பத்திரமாக இருக்கிறது என்றுதான் இத்தனை காலம் நம்பியிருந்தாள். இப்போது பார்த்தால் இல்லை. ஒவ்வொருவரும் அவர் போலவே இருந்தார்கள், உற்றுப் பார்த்தால் யாருமே அவராக இல்லை. 

"எம்மா, அப்பா எது?"

செல்வமேரி நேர் எதிரே நின்ற ரோமச் சட்டைக்காரரைக் கை காட்டினாள்.

ரோஸி பத்திரிகையை அவர் காலடியில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வைத்து முழங்கால் போட்டாள். "என் மூக்குதாம்மா! அப்படியே என் மூக்கு!" என்று அழுதுகொண்டே சிரித்தாள்.

செல்வமேரிக்கு ஜெபம் வரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. இருபது வருஷம் அழுதாளே, எந்த முகத்துக்காக அழுதாள்? சாவுச் செய்தி வந்த அன்றுகூட அவர் இப்படி ஒன்றுமில்லாமல் போனதில்லை.

"பந்த் பண்ணுதான் அத்தை, கதவைச் சாத்தப் போறான். சலோ, போவோம்."

"எம்மா, அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க," என்றாள் ரோஸி.

செல்வமேரி வரிசையின் முதல் ஆளிடம் போய்க் கைகூப்பினாள். "ஒங்க மவளுக்குக் கல்யாணம். ஆசீர்வாதம் பண்ணுங்க." அடுத்தவரிடமும் அதையே சொன்னாள். அதற்கடுத்தவரிடமும்.

"ஏம்மா எல்லார்ட்டயும் சொல்லுதிய?"

"எல்லாரும் அப்பா கூட வேலை பாத்தவியதாம்மா," என்றாள் செல்வமேரி.

பத்தில் ஒருவரையும் அவள் விடவில்லை. அவர்களில் ஒருத்தர் லாசர்.