கசற்றில் இருந்த மாமா

பின்னேரம் யதுஷாவுக்குப் பொலிஸில் இருந்து போன் வந்தது. சிங்களத்தில் கதைத்த மனிசன் தன்னைச் சார்ஜன்ட் என்று சொல்லிக்கொண்டு, "நங்கி, தங்கச்சிதானே அந்த பாண்டில பாடுறது? நாளைக்குக் காலமை ஒருக்கா ஸ்டேசனுக்கு வாங்கோ. அந்தப் பாட்டைப் பற்றிக் கதைக்கவேணும்" என்றார். ஏன் எதற்கு என்று கேட்காமலே, "ஹரி சேர்", சரி சேர் என்று மட்டும் சொன்னாள்.

எந்தப் பாட்டு என்று கேட்கத் தேவையும் இல்லை. அவர்களுடைய பாண்டுக்குப் 'பாமன்கடை பாய்ஸ்' என்று பேர். பாடுகிறவள் ஒரு பெட்டை, பேர் மட்டும் பாய்ஸ், அந்தக் கூத்தை என்னவென்று சொல்ல. மூன்று வருசமாக ரொக் என்று கத்தி, போன மண்டபங்களில் எல்லாம் "சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கோ" என்று பேச்சு வாங்கினதுதான் மிச்சம். அவர்களைத் தூக்கிவிட்டது ஒரேயொரு பாட்டு. அந்தப் பாட்டு ஒரு பழைய கசற்றில் இருந்து வந்தது.

கசற்றில் இருந்தது மாமா. அம்மா பாலேஸ்வரியின் ஒரே தம்பி. யாழ்ப்பாணத்தில் இருந்தவர், றேடியோவில் போகிற இங்கிலிஷ் கன்ட்ரி பாட்டென்றால் பைத்தியம். கலியாணம் கட்டிக் கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்திருந்த அக்காவுக்குக் கடிதம் எழுதப் பஞ்சிப்பட்டு ஒருமுறை கசற்றில் பேசி அனுப்பினார். கிற்றாரைத் தட்டிக்கொண்டு, "அக்கா, சுகமா இருக்கிறியளே? நான் அங்க வந்தால் அத்தானையும் பாட வைப்பன்" என்று சொல்லிச் சிரிப்பார். அதற்குப் பிறகு ஒருநாள் சைக்கிளில் போனவர் திரும்பி வரவில்லை. கொண்டுபோனது ஆர் என்று இன்றுவரை தெரியாது. அவருடைய படங்களை எல்லாம் கொழும்பில் பொலிசும் ஆமியும் வீடுவீடாகத் தேடின ஒரு சுற்றிவளைப்புக்குப் பயந்து அம்மா எரித்துவிட்டாள். மிஞ்சினது குரல் மட்டும்தான்.

அந்தக் கிற்றார் நடையைப் பிடித்துத்தான் யதுஷாவின் தம்பி வினோதன் பாட்டைக் கட்டினான். கொச்சிக்கடைப் புஷ்பராஜ் ஸ்டீல் கிற்றாரை மடியில் வைத்து அழ வைத்தான். பாட்டு கசற்றில் உள்ள மாமாவின் பேச்சோடும் சிரிப்போடும் தொடங்கும், "மாமாவை எங்க கொண்டுபோனீங்கள்" என்று முடியும். இணையத்தில் போட்டதும் களுபோவிலயில் இருந்து கனடா வரைக்கும் கேட்டார்கள். "வேண்டாம் பிள்ளை" என்று முதலில் மறித்த அம்மாவும் சமைக்கிற நேரம் அதைப் போட்டுக் கேட்கத் தொடங்கினாள். இப்போது இந்தப் போன்.

அம்மா கதிரையில் தொப்பென்று இருந்துவிட்டாள். "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்திட்டம். இனி வினோவையும் கொண்டுபோவாங்கள்."

"அது அந்தக் காலம் அம்மா. இப்ப அப்பிடியில்லை," என்றாள் யதுஷா. சொன்னவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை. கீழே மோட்டர்சைக்கிள் ஒன்று வந்து நின்ற சத்தத்துக்கு வினோதனோடு மூன்று பேரும் மூச்சை அடக்கினார்கள். கீழ்வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்த ஆள்தான்.

வினோதன் பாட்டை இணையத்தில் இருந்து எடுத்தான். கொம்பியூட்டரில் இருந்ததையும் அடியோடு அழித்தான். புஷ்பராஜுக்கு யதுஷா போன் எடுத்தாள். "நானும் அழிச்சிட்டேன் யது. கொஞ்ச நாளைக்கு வெளிய தலைகாட்டாதேங்கிறாரு அப்பா" என்றான் அவன். தேயிலைத் தோட்டத்தில் கலவரக்காரர் வீட்டை எரிக்கக் கொழும்புக்கு ஓடிவந்த குடும்பம் அது, அவர்களுக்கு ஆரும் பயம் படிப்பிக்கத் தேவையில்லை.

பிறகு அம்மா அலுமாரிக்குள் இருந்து கசற்றை எடுத்துக்கொண்டு வந்தாள். யதுஷா அவளுடைய கையைப் பிடித்தாள்.

"இது வேண்டாம் அம்மா. எங்கையாவது ஒளிப்பம்."

"வீட்டைக் கிண்டினால் எடுப்பாங்கள். அவன் போயிட்டான். எனக்கு இருக்கிற பிள்ளையள் வேணும்."

நாடாவை விரலால் இழுத்து இழுத்துத் தாச்சியில் போட்டுக் கொளுத்தினாள். பிளாஸ்டிக் நாற்றம் வீடெல்லாம் நிறைந்தது. பக்கத்துச் சனம் மணந்து பிடித்து விசாரிக்குமோ என்று ஜன்னலைக்கூட அவர்கள் திறக்கவில்லை. அம்மா துவாயை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள்.

காலமை யதுஷா தனியத்தான் போனாள். கைப்பையில் அடையாள அட்டையும் மாற்று உடுப்பு ஒரு சோடியும் இருந்தன.

சார்ஜன்ட் தலை நரைத்த, தொந்தி வைத்த மனிசன். கதிரை காட்டினார், தேத்தண்ணி சொன்னார். அவள் அதைத் தொடவில்லை.

"நங்கி, என்ட மகளுக்கு அடுத்த மாசம் கலியாணம். உங்கட பாண்ட் வந்து வாசிக்கவேணும். அந்தப் பாட்டெண்டால் அவளுக்கு உயிர். பாஷை விளங்காட்டியும் நாள் முழுக்கக் கேப்பாள். நேற்றுத் தேடினால் காணேல்லையாம், ஒரே கவலை. முதல்ல ஒரு ஆள் சிரிச்சுக் கதைப்பாரே, அவரையும் கூட்டிக்கொண்டு வாங்கோவன்."

கலியாணத்துக்குக் கூப்பிடுகிற மனிசன் ஸ்டேசனுக்கு வா என்றா கூப்பிடுவான்! அவருக்கு அது வேலை செய்கிற இடம், அவ்வளவுதான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நாங்கள் சொல்லிச் சிரிக்கலாம். பேயிடம் ஒருக்கா ஆளைப் பறிகொடுத்த வீட்டில் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

யதுஷாவுக்குத் தாச்சியில் சுருண்ட நாடாதான் கண்ணுக்குள் வந்தது. அதைவிட அம்மாவை நினைக்கப் பயமாக இருந்தது, நேற்று இருந்த பயத்தைவிடப் பெரிய பயம். இந்தக் கலியாணத்தில் போய் வாசித்தால், கசற்றை வீணாக எரித்தது அம்மாவுக்குத் தெரிந்துவிடும்.

"அவர் இப்ப இல்லை சேர்," என்றாள். "பாண்டும் கலைஞ்சிட்டுது."

"அபராதே, அநியாயம்," என்று சார்ஜன்ட் உண்மையாகவே கவலைப்பட்டார்.

வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு அம்மா நின்றாள். இரவு முழுக்க நித்திரை இல்லாத முகம். "என்ன கேட்டவங்கள்?"

"அந்தக் கசற்றைத்தான் கேட்டவங்கள் அம்மா. வீட்டைக் கிண்ட வரத்தான் இருந்தவங்களாம். ஒண்டும் இல்லையெண்டன், விட்டிட்டாங்கள். நல்ல காலம், நீங்கள் எரிச்சது."

அம்மா கண்ணை மூடி "முருகா" என்றாள். "பாத்தியே? இனிப் பாட வேண்டாம் பிள்ளை."

"ஓம் அம்மா."

அறைக்குள் இருந்து எட்டிப் பார்த்த வினோதனுக்கும் யதுஷா அதையேதான் சொன்னாள். அழித்ததில் அவனுக்கும் பங்கு இருந்ததே.