கம்பத்துக்கு மேலால் போன பந்து

அமெரிக்காக்காரன் விளையாடுகிற விளையாட்டுக்கு உதைபந்து என்று பேர் வைத்தவன் என் கையில் அகப்பட்டால் இரண்டு சாத்துச் சாத்துவேன். பந்து உரித்த தேங்காய் மாதிரி இருக்கும். முக்கால்வாசி நேரம் அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஓடுகிறார்கள். ஆனாலும் அந்த விளையாட்டில் என் அக்கா குணலட்சுமியின் மகன் ஜெயரூபன் பெரிய ஆள். அதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

பதினைந்து வயதில் எங்கள் ஊர் அரியாலையை விட்டு அமெரிக்காவுக்குப் போனவன். எங்கள் மைதானத்தில் உதைத்துப் பழகிய காலை வைத்துத்தான் அங்கே கல்லூரி அணியில் இடம்பிடித்தான். முழங்கால் உடைந்ததும் ஆட்டத்தை விட்டான், மைதானத்தை விடவில்லை. முதலில் உதைக்கிற பெடியளுக்குப் பயிற்சி கொடுத்தான், பிறகு உதவிப் பயிற்றுநர், இப்போது அதே கல்லூரிக்குத் தலைமைப் பயிற்றுநர். அக்காவுக்குத்தான் அது பெருமையாகப் படவில்லை. பந்தடித்துச் சோறு தின்னலாம் என்று அவள் நம்பியதே இல்லை. யார் கேட்டாலும், "அவன் அங்கை ஒரு கல்லூரியிலை வேலை" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவாள். அது அவனுக்கும் தெரியும்.

போன இரண்டு வருடமும் அவன் அணிக்குத் தோல்வி. இந்த வருடக் கடைசி ஆட்டத்திலும் தோற்றால் வேலை போய்விடும் என்று அவன் மனைவி வினோஜா சொல்லியிருந்தாள். அங்கே சனி இரவு, எங்களுக்கு ஞாயிறு காலை. விளையாட்டுக் கழகச் செயலாளர் செந்தூரன் கழக மண்டபச் சுவரில் அந்த ஆட்டத்தைப் படமாகக் காட்ட ஏற்பாடு செய்தான். அக்காவை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். பாழாய்ப்போன இணையம் காலை வாரியது. படம் பிடிபட்டபோது ஆட்டம் முடியச் சில விநாடிகளே இருந்தன. எங்கள் பிள்ளையின் அணி ஒரு புள்ளி பின்னால் நின்றது.

"இப்ப என்ன நடக்கப்போகுது?" என்று அக்கா கேட்டாள்.

"உதைக்கப் போறாங்கள். கோல் விழுந்தால் வெற்றி. அங்கை பார் அக்கா, காவலுமில்லை, வலையுமில்லை. கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம். எனக்குத் தெரியாத கோலே?" என்றேன். ஒரு காலத்தில் இந்தக் கழக அணியின் முன்வரிசையில் நின்று கோல் அடித்தவன் நான்.

எங்கள் அணிப் பெடியன் ஒருவன் உதைத்தான். பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலால் பறந்தது. மண்டபமே தலையில் கைவைத்தது.

"வானத்துக்கு அடிச்சுப்போட்டானே, நாசமாய்ப் போவான்" என்று நான் கத்த, படமும் அப்படியே உறைந்து நின்றது.

அக்காவின் பக்கத்து வீட்டுப் பஞ்சலிங்கம் பின்வரிசையிலிருந்து, "உதுக்குத்தான் ஒழுங்காய்ப் படிச்சு ஒரு உத்தியோகம் பார்த்திருக்கவேணும்" என்றான். நான் கையை ஓங்கிக்கொண்டு எழும்பினேன். எனக்கு முன்னமே அக்கா எழும்பிவிட்டாள்.

அந்த நேரம் என் கைபேசி அடித்தது. வினோஜா. எல்லாருக்கும் கேட்க நான் ஒலிபெருக்கியில் போட்டதும் அக்கா அதைப் பறித்து, அவளை வாய் திறக்க விடாமல், மண்டபம் முழுக்கக் கேட்கச் சொன்னாள்:

"பிள்ளை, அவனிட்டைச் சொல்லு. வேலை போனால் போகட்டும். என்ரை பிள்ளை பந்தடிச்சவன், பந்து பழக்கிறவன். அதைச் சொல்ல எனக்கு ஒரு வெக்கமுமில்லை. தோத்தாலும் அவனாலை எனக்குப் பெருமைதான்."

அந்தப் பக்கம் ஒரே இரைச்சல்.

"மாமி, நாங்கள் வெண்டிட்டம், வெற்றி எங்களுக்குத்தான். இந்த விளையாட்டிலை பந்து கம்பத்துக்கு மேலாலைதான் போகவேணும்" என்றாள் வினோஜா.

மண்டபமே என்னைத் திரும்பிப் பார்த்தது. "தியாகலிங்கம் அண்ணை, இனி நீங்கள் விளக்கம் சொல்லாதேங்கோ" என்றான் செந்தூரன்.

வினோஜா மைதானத்துக்குள் ஓடிப்போய்ப் புருசனுக்குப் பக்கத்தில் நின்று, அவனுக்கும் கேட்கிற மாதிரிக் கைபேசியைப் பிடித்துக்கொண்டுதான் பேசியிருக்கிறாள். அக்கா சொன்ன அத்தனையும் அவன் காதில் விழுந்திருக்கிறது. கத்திக் கத்தி அடைத்த குரலில், "அம்மா" என்றான்.

"வெண்டிட்டியாமே ராசா."

"அது கிடக்கட்டும் அம்மா. முதல் சொன்னதை இன்னொருக்காச் சொல்லுங்கோ."

அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். பிறகு பஞ்சலிங்கத்தின் பக்கமாகத் திரும்பி நின்று, முதல் சொன்னதைவிடச் சத்தமாகச் சொன்னாள்.