தொண்டைக்குச் சொந்தக்காரி

மில்லில் அவளுக்கு லவுட் ஸ்பீக்கர் என்று பெயர். ஒரே கூரைக்குக் கீழே வரிசை வரிசையாகத் தறிகள் அடித்துக்கொண்டிருக்கும் இடத்தில் பாதி ஆயுளைக் கழித்தவளுக்கு, மெதுவாகப் பேசுவது என்றால் என்னவென்றே மறந்துபோயிருந்தது. வீட்டில் உப்பு டப்பா எங்கே என்று கேட்டாலும் தெருமுனை வரை கேட்கும். அவள் ரகசியம் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர் பதில் சொல்லுவார் என்பது அவள் கணவர் சொந்தக்காரர்களிடம் சலிக்காமல் சொல்லும் ஜோக். அவர் வீடுகளுக்கு ஒயரிங் செய்பவர்; அதிகம் பேசாதவர். வீட்டில் பேச்சு முழுக்க அவளுடையது, கேட்பது முழுக்க அவருடையது என்று ஒரு மாதிரி பங்கு பிரித்துக்கொண்டு சண்டை சச்சரவில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது குடித்தனம்.

அந்தப் பங்கு தலைகீழாவது டாக்டருக்கு முன்னால் மட்டும்தான். அங்கே போனால் லவுட் ஸ்பீக்கர் பெட்டிப் பாம்பாகிவிடும். டாக்டர் இவளைப் பார்த்துக் கேட்பார், இவள் கணவரைப் பார்ப்பாள், அவர் பதில் சொல்லுவார். காய்ச்சல் எப்போது வந்தது, முட்டி எந்தப் பக்கம் வலிக்கிறது, மாதவிலக்கு நின்று எவ்வளவு நாளாயிற்று என்பது வரை எல்லாம் அவர் வாயால்தான். உடம்பு அவளுடையது, வாய் அவருடையது. அடக்கி வைத்திருக்கிறார் என்று சொன்னால் அந்த மனிதருக்குப் புரியாது. பாசம் என்று சொன்னாலும் முழுக்கச் சரியில்லை. கல்யாணமான புதிதில் கூச்சத்தில் தொடங்கியது, அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. படித்து வேலைக்குப் போகும் மகளும் அதை ஒருநாளும் வித்தியாசமாக நினைத்ததில்லை.

குரல் கம்மத் தொடங்கியபோது அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பஞ்சுத் தூசி என்றாள். கத்திக் கத்தித் தேய்ந்துவிட்டது என்று சிரித்தாள். ஒருநாள் காலையில் பல் தேய்க்கும்போது எச்சிலில் ரத்தம் வந்தது. குழாயைத் திறந்து அதைக் கழுவிவிட்டு, யாரிடமும் மூச்சு விடாமல் வேலைக்குப் போனாள். ஏன் சொல்லவில்லை என்று அவளைக் கேட்டால் அவளுக்கே தெரியாது. சொன்னால் அது உண்மையாகிவிடுமோ என்ற பயமாக இருந்திருக்கலாம். சோறு விழுங்கும்போது தொண்டையில் கல் மாட்டியதுபோல் வலித்து, காதுவரை அது இழுத்த பிறகுதான் மகள் பிடிவாதம் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கே குழாய் விட்டுப் பார்த்தார்கள், தொண்டையிலிருந்து துளி சதை கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

முடிவு வந்த அன்று நர்ஸ், கூட வந்தவர்களை மட்டும் முதலில் உள்ளே கூப்பிட்டாள். மகள் இவளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்து, சும்மா மருந்துச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம் என்று சொல்லிவிட்டு அப்பாவோடு உள்ளே போனாள். டாக்டர் அறைக்குக் கண்ணாடிக் கதவு. சத்தம் துளிகூட வெளியே வராத கனமான கண்ணாடி. அந்த இரண்டு பேரும் செய்த தப்பு அங்கேதான்.

தறிக்கூடத்தில் யாரும் காதால் கேட்பதில்லை. அந்த இரைச்சலில் இவள் மாதிரி கத்தினால்தான் பக்கத்தில் நிற்பவளுக்கே எட்டும், எதிர்த் தறிக்கு அதுவும் எட்டாது. அதனால் அங்கே உதட்டை மட்டும் அசைத்துப் பேசுவார்கள், எதிரில் இருப்பவள் கண்ணால் கேட்டுக்கொள்வாள். நூல் அறுந்ததும், மேஸ்திரி வருவதும், யார் வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்பதும் அப்படித்தான் தறிக்குத் தறி தாவும். சின்ன வயதில் மகள் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று முணுமுணுத்துத் திட்டி, அதே வார்த்தையை அம்மா வாயால் திருப்பிக் கேட்டு, அவளிடம் அடி வாங்கியதும் உண்டு. இருந்தும் அன்றைக்கு இருந்த பதற்றத்தில் அப்பாவுக்கும் மகளுக்கும் அது சுத்தமாக ஞாபகம் வரவில்லை.

டாக்டரம்மா கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அதனால் அவள் சொன்னது ஒன்றும் தெரியவில்லை. மகளின் உதடும் கணவரின் உதடும் நன்றாகத் தெரிந்தன. புற்றுநோயா என்று கேட்டது மகளின் உதடு. பிறகு கணவர், குரல்வளையை எடுத்துவிட்டால் பேச்சு என்ன ஆகும் என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் இரண்டு கையையும் தூக்கி, வேண்டாம் வேண்டாம், கரண்ட் வையுங்கள் என்றார். கதிர்வீச்சு வைத்தியத்துக்கு ஊர் வழக்கில் அதுதான் பெயர்; வாழ்நாள் பூராவும் கரண்டோடு பழகியவருக்கு அதன்மேல் ஒரு நம்பிக்கை. கடைசியாக மகள் சொன்னது: "அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் டாக்டர். தாங்க மாட்டாங்க."

வெளியே வந்தபோது இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பு இருந்தது. தொண்டையில் சின்னப் புண்ணாம், கரண்ட் வைத்தால் ஆறிவிடுமாம் என்றார் கணவர். அவள் தலையாட்டினாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோதுதான் பயம் வந்தது. சாவுப் பயம்தான், வேறென்ன. அதன் பின்னாலேயே கோபமும் வந்தது. தாங்க மாட்டாளாமே. இரண்டு பிரசவத்தைத் தாங்கியவள், அதில் ஒரு குழந்தையைப் புதைத்ததையும் தாங்கியவள், இத்தனை வருஷம் அந்தத் தறி இரைச்சலைத் தாங்கியவள். எதைத் தாங்க மாட்டாள் என்று இவர்களுக்கு யார் சொன்னது?

அதற்குப் பிறகு வீட்டில் நடந்தது கூத்து. தண்ணீர்கூடத் தானே எடுத்துக் குடிக்காத மனிதர் காலையில் டீ போட்டுக் கொண்டுவந்து தலைமாட்டில் நின்றார். அதில் சர்க்கரைக்குப் பதில் உப்பு விழுந்திருந்தது. அவள் சொல்லாமல் குடித்தாள். மகள் புதுப் போர்வை வாங்கிவந்தாள், இருந்தாற்போலிருந்து கட்டிக்கொண்டாள், குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். இவள் பக்கத்தில் வந்தால் பேச்சு மாறும். டிவி சத்தம் கூடும். ஆளுக்கொரு பக்கம் நடித்துக்கொண்டிருந்தார்கள், அதில் அவளும் சேர்த்தி. அவர்கள் அவளுக்காகப் பொய் சொன்னார்கள், அவள் அவர்களுக்காக அதை நம்பினாள். ஒரே வீட்டுக்குள் மூன்று பேரும் தனித்தனியாகச் செத்துக்கொண்டிருந்தார்கள்.

மில்லுக்குப் போவதை அவள் நிறுத்தவில்லை. ஒரு மத்தியானம் எதிர்த் தறிக்காரி, பல வருஷச் சிநேகிதி, என்னடி முகம் ஒரு மாதிரி இருக்கிறது என்று உதட்டால் கேட்டாள். இவள் அறுந்த நூலை முடிந்துவிட்டு நிமிர்ந்தாள். எனக்குப் புற்றுநோயாம் என்றாள், சத்தமில்லாமல். அத்தனை பேருக்கு நடுவே, ஒருத்தர் காதிலும் விழாமல், வாய் முழுக்கத் திறந்து அதைச் சொன்னாள். சொல்லி முடித்ததும் நெஞ்சிலிருந்து எதையோ இறக்கிவைத்த மாதிரி இருந்தது. வீட்டில் நடப்பதையும் சொன்னாள். சிநேகிதி தன் தறியை நிறுத்தினாள். மேஸ்திரி பார்த்தால் சம்பளத்தில் கை வைப்பார், அதையும் பார்க்காமல் நிறுத்தினாள். அவளும் உதட்டால்தான் பேசினாள். கரண்ட் வைத்தால் குணமாகுமா, குரல்வளையை எடுத்தால் குணமாகுமா, டாக்டர் எதைச் சொன்னாள் என்று கேட்டாள். தெரியாது என்றாள் இவள். பாதிப் பேச்சுதான் பார்த்தேன், டாக்டர் வாய் தெரியவில்லை என்றாள்.

"அப்போ போய்க் கேளு. நோய் உனக்கு, முடிவு அவங்களுக்கா?"

கேள் என்று சொல்வது சுலபம். அன்று மாலை வீட்டுக்கு நடக்கும்போது அவள் ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். டாக்டர், எனக்கு என்ன என்று என்னிடம் சொல்லுங்கள். அவ்வளவுதான். மேஸ்திரியோடு மல்லுக்கு நிற்கிற வாய்க்கு அந்த ஒரு வாக்கியம் வரவில்லை.

கரண்ட் வைப்பதற்கு நாள் குறிக்கப் போன அன்று மூன்று பேரும் சேர்ந்தே உள்ளே போனார்கள். டாக்டரம்மா இவளைப் பார்த்துச் சாப்பாடு இறங்குகிறதா என்று கேட்டாள். நன்றாகச் சாப்பிடுகிறாள் என்றார் கணவர். நேற்று ராத்திரி அவள் அரை இட்லி அளவுகூட விழுங்கவில்லை. வலி எப்படி என்றாள் டாக்டர். முன்னைக்கு இப்போது பரவாயில்லை என்றார் கணவர். இவளுக்கு அந்த நேரம் காதுக்குள் ஊசி ஏறிக்கொண்டிருந்தது. அடுத்து தூக்கம் பற்றிக் கேட்டதும், கணவர் வாயைத் திறப்பதற்குள் இவள் அவர் கையைப் பிடித்தாள்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

அந்தக் கம்மிய குரலில் அது பாதிக் காற்றாகத்தான் வந்தது. ஆனால் அறையில் எல்லாருக்கும் கேட்டது. சாப்பாடு இறங்கவில்லை என்றாள். வலி காதுவரை போகிறது என்றாள். எச்சிலில் ரத்தம் வந்ததையும், அதைத் தான் மறைத்ததையும் சொன்னாள். பிறகு, தனக்குப் புற்றுநோய் என்று தெரியும், மிச்சத்தை நீங்கள் சொல்லுங்கள் என்றாள். மகள் வெலவெலத்துப்போய் எப்படித் தெரியும் என்று கேட்டாள். இவள் கதவைக் கைகாட்டினாள். மகளுக்கு அந்த ஜன்னலும் வாங்கிய அடியும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்; முகத்தை மூடிக்கொண்டாள்.

டாக்டரம்மா நாற்காலியை இவள் பக்கம் திருப்பிப் போட்டாள். கரண்ட் வைத்துப் பார்க்கலாம், ஆனால் நோய் குருத்தெலும்புக்குள் இறங்கியிருக்கிறது, அதனால் குரல்வளையை எடுப்பதுதான் நல்லது என்று முதல் நாளே சொன்னேன், வீட்டில் வேண்டாம் என்றார்கள் என்றாள். உங்களிடம் நேராகக் கேட்காதது என் தப்பு என்றும் சொன்னாள். இவள் கணவர் பக்கம் திரும்பினாள். அந்த மனிதர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ பேசாத வீட்ல நான் எப்படிம்மா இருப்பேன்?" என்றார்.

அவளுக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் பயந்தது தன் காதுக்காக. அவள் குரல் இல்லாத அமைதியை நினைத்து அந்தப் பெரிய மனிதர் குழந்தை மாதிரி நடுங்கியிருக்கிறார். அது புரிந்தது. புரிந்ததற்காக விட்டுக்கொடுக்க முடியாது என்பதும் புரிந்தது.

"நான் இல்லாத வீட்லயும் யாரும் பேசப்போறதில்லைங்க. எனக்கு உயிரோட இருக்கணும். குரல் போனாப் போகட்டும்."

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். பின்னால் போ என்று மகளுக்குக் கண்ணைக் காட்டினாள் இவள். இருவரும் போன பிறகு டாக்டர் முன்னால் முதல்முறையாகத் தனியாக உட்கார்ந்தாள். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டாள். கழுத்தில் துளை போடுவார்கள், மூச்சு அது வழியாகத்தான். சொந்தக் குரல் திரும்பாது. கருவி வைத்து ஒரு மாதிரி பேசப் பழகலாம், எல்லாருக்கும் அது சரியாக வருவதில்லை. மில் தூசிக்குள் திரும்பப் போக முடியாது. கடைசியில், யாரும் கேட்க விரும்பாத கேள்வியையும் கேட்டாள்: நான் பிழைப்பேனா? டாக்டரம்மா அவசரப்படவில்லை. பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, ஆனால் உறுதி கொடுக்க முடியாது, முழுக்கக் குணமானவர்களும் உண்டு, நோய் திரும்பியவர்களும் உண்டு என்றாள். இத்தனை நாள் எந்த உண்மைக்காகச் சண்டை போட்டாளோ, அது கைக்கு வந்தபோது இவ்வளவு கனக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். டாக்டர் எழுந்து போகச் சொல்லவில்லை.

வெளியே பெஞ்சில் கணவர் குனிந்து உட்கார்ந்திருந்தார். மகள் தண்ணீர் வாங்கப் போயிருந்தாள். இவள் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவர் இவள் கண்ணைப் பார்த்தார். சிவந்திருந்தது அவருக்குத் தெரியாமல் இல்லை.

"எல்லாம் சரியாயிடும்னுதானே சொன்னாங்க? ஆமான்னு சொல்லும்மா."

ஆமாம் என்ற வார்த்தை அவள் நாக்கு நுனியில் வந்து நின்றது. எவ்வளவு சின்ன வார்த்தை. சொல்லிவிட்டால் இந்த மனிதர் இன்று ராத்திரி தூங்குவார். அவர் இத்தனை நாள் சொன்ன பொய் எங்கிருந்து வந்தது என்று அந்த நொடியில் அவளுக்கு உள்ளும் புறமுமாகத் தெரிந்துபோயிற்று. தானும் அதே பெஞ்சில், அதே பொய்யைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. பாசத்தில் சொல்கிற பொய்தான் சொல்வதற்கு ரொம்பச் சுலபம்.

அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"சரியாகலாம்னாங்க. ஆகாமலும் போகலாம்னாங்க. முழுசாச் சொல்றேன், எழுந்து போகாம கேளுங்க."

அவர் எழுந்து போகவில்லை. அவள் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.