கல்லிடைக்குறிச்சி ஞானம்பாளின் கைப்பிடி

…நானூற்று முப்பது பேர், வெறும் நானூற்று முப்பது, வேதக்கோவில் அசன விருந்தில் ஒரு பந்தியில் உட்கார்ந்து எழுந்துவிடுகிற கூட்டம், அதை வைத்துக்கொண்டு ஒருத்தன் வீட்டு வாடகை கொடுக்கிறான், புதுக் கிட்டார் வாங்குகிறான், அந்தக் கிட்டாரைப் பஸ்ஸில் ஜன்னலோரமாக மடியில் நிறுத்திக்கொண்டு வாயைப் பிளந்து தூங்கவும் செய்கிறான்… மெர்வின் தன் மடியில் குறுக்கே கிடந்த கீபோர்டு உறையை இழுத்துவிட்டுக்கொண்டு ஜெனோவைப் பார்த்தான். இந்த முகத்தில் என்னதான் இருக்கிறது? பாளையங்கோட்டைக் கோவில் பாடகர் குழுவில் பக்கத்தில் பக்கத்தில் நின்ற காலத்தில் மேல் ஸ்தாயி போனால் இவனுக்குக் குரல் கிறீச்சிடும், நடத்துநர் கையைத் தாழ்த்தி இவனை மட்டும் வாய் அசைக்கச் சொல்வார், அப்போது மெர்வின்தான் இவனுக்காகப் பரிந்து பேசினான், பேசாமல் இருந்திருக்கலாம். இப்போது அந்தக் குரலைக் கேட்க விக்கிரமசிங்கபுரத்தில் ஆவுடைநாயகம் அண்ணாச்சி தன் வீட்டு மொட்டைமாடியில் பந்தல் போட்டு, நாற்பது பேருக்குச் சாயங்காலக் காபிக்கும் சொல்லியிருக்கிறார். மெர்வின்? மெர்வின் கூட வாசிக்கப் போகிறான். லண்டன் சங்கீதப் பரீட்சையில் எட்டாவது கிரேடு தேறினவன், கூட வாசிக்கப் போகிறான்.

பாட்டில் குறை வைத்தானா மெர்வின்? இல்லையே. பதினோரு பாட்டு, வண்ணார்பேட்டையில் மாடி அறை பிடித்து, சுவரெல்லாம் பஞ்சு ஒட்டி, சென்னைக்கு அனுப்பி மெருகேற்றி, உலகத்தில் எத்தனை செயலி உண்டோ அத்தனையிலும் ஏற்றினான், விளம்பரத்துக்குப் பணம் கட்டினான், பத்தாயிரம் பேர் பார்த்தார்கள் என்று திரை சொன்னது, அந்தப் பத்தாயிரத்தில் ஒருவர் பெயர்கூட அவனுக்குத் தெரியாது, அவர்களுக்கும் அவன் பெயர் தெரியாது, வந்த காசு ஒரு நல்ல டீக்கும் வடைக்கும் சரியாக இருந்தது. ஜெனோ செயலிப் பக்கமே போகவில்லை. சோறு பொங்குமுன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டுவைத்து ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குக் கொண்டுவருவார்களே, அந்தக் கைப்பிடியரிசியை எடுத்துப் பாட்டுக்கு வைத்துக்கொண்டான் பாவி! மாதம் உங்களால் முடிந்த ஒரு கைப்பிடி போடுங்கள், நான் போடும் பாட்டு முதலில் உங்கள் போனுக்குத்தான் வரும், அரைகுறையாக, சமையலறைச் சத்தத்தோடு வரும், பிடிக்காவிட்டால் சொல்லுங்கள், மாற்றுகிறேன்… இவ்வளவுதான் அவன் வியாபாரம். மாதக் கடைசியில் கைப்பிடி போட்டவர்கள் பெயரை எல்லாம் ஊர் ஊராக வாசித்து ஒரு குரல் பதிவு போடுவான், ஆயிரம் போட்டவரும் பத்து போட்டவரும் ஒரே மூச்சில் வருவார்கள். மேலப்பாளையத்தில் ஃபர்ஹத் என்று ஒரு பெண், பீடி சுற்றுகிறவள், பத்து ரூபாய்தான் போடுகிறாள், அவள் பெயர் வரும்போது இவன் குரல் ஒரு இம்மி நிற்கும், அதைக் கேட்கவே அந்தத் தெருவில் இன்னும் ஆறு பேர் சேர்ந்தார்கள். போன மாதம் பட்டியலில் "பாளையங்கோட்டை எப்சி" என்று வாசித்தான். மெர்வின் எப்சியிடம் கேட்டான். ஆமா, போடுதேன், அம்பது ரூவா, அதுக்கென்ன இப்பம் என்றாள் அவன் மனைவி, தோசையைத் திருப்பிக்கொண்டே. அவனுடைய பதினோரு பாட்டில் அவள் எத்தனை கேட்டிருப்பாள்? கேட்கவில்லை, கேட்டால் தோசை கருகும்.

சேரன்மகாதேவி தாண்டியதும் கண்டக்டர் பின்னாலிருந்து டிக்கெட் போட்டுக்கொண்டே வந்தார், மெர்வினைப் பார்த்ததும் சிரித்தார். "என்ன சார், கல்லிடைக்குறிச்சிதான? இந்த மாசம் சீக்கிரமே வந்துட்டீய!" "இல்லைங்க, இல்ல… விக்கிரமசிங்கபுரம், ரெண்டு" என்று மெர்வின் தடுமாறினான். தூங்குகிறான் என்று நினைத்த ஜெனோ கண்ணைத் திறக்காமலே, "அவரு சொன்னதுதாம்லே சரி, கல்லிடைக்குறிச்சிக்கே எடு" என்றான். பிறகு எழுந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். "எறங்கி ஞானம்பாள் அம்மாவ ஒரு எட்டு பாத்துட்டுப் போவோம். பத்து நாளாச்சு, பேச்சு மூச்சே இல்ல. நாலு மணிக்குத்தான கச்சேரி, நேரம் கெடக்கு." மெர்வின் டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தான். கல்லிடைக்குறிச்சியில் ஞானம்பாள் என்று யாரும் கிடையாது. தபாலாபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற, வீணை தெரிந்த, தொண்டையில் ஆபரேஷன் ஆனதால் பேச முடியாத, எழுத மட்டும் செய்கிற ஞானம்பாள் அம்மாள் மெர்வினின் போனுக்குள் இரண்டாவது சிம்மில் இருக்கிறாள். அவளைப் பெற்றவனே இவன்தான்.

எதற்காகச் செய்தான்? வேவு பார்க்கத்தான், வேறென்ன. ஜெனோ அப்படி என்னதான் அனுப்புகிறான், எதைக் கேட்டு ஜனம் மயங்குகிறது என்று உள்ளே புகுந்து பார்க்க ஒரு பெயர் வேண்டியிருந்தது. முதல் பாட்டு வந்த அன்றே மனசு குளிர எழுதினான், இரண்டாவது சரணத்தில் சுருதி இறங்குகிறது, அதை அங்கே போய் அப்படி இழுக்கலாமா, காது கூசுகிறது என்று. அவமானப்பட்டு அடங்குவான் என்று பார்த்தால், மறுநாள் ஜெனோவின் குரல் வருகிறது, அம்மா, நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி, எனக்கு யாரும் இதச் சொன்னதே இல்ல, மாத்திப் பாடியிருக்கேன், கேட்டுச் சொல்லுங்க… மெர்வின் கேட்டான். நன்றாக இருந்தது. அது அவனுக்கு என்னவோ செய்தது. அதற்கப்புறம் ஒன்றரை வருஷம், ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பக்கம் எழுதினான், தாளம், எடுப்பு, எங்கே மூச்சு விட வேண்டும், எல்லாம், தன் பாட்டுக்குக்கூட இத்தனை யோசித்ததில்லை. கைப்பிடி போடாதவள் எப்படிக் கேட்பாள், ஆன்லைனில் போட்டால் பெயர் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் மாதம் ஒரு தடவை இதே பஸ் ஏறி கல்லிடைக்குறிச்சி தபாலாபீஸில் ஞானம்பாள் பெயரில் ஜெனோவுக்கு மணியார்டர் கட்டினான், எப்சியிடம் ட்யூஷன் என்று சொல்லி. அனுப்புநர் விலாசத்துக்கு, தபாலாபீஸுக்குப் போகும் வழியில் எப்போதும் பூட்டிக் கிடந்த நீலக் கேட் வீட்டின் கதவு எண்ணை எழுதிவைத்தான். வேலை மெனக்கெட்டு ஒருத்தன் செய்யும் காரியமா இது? சொந்தப் பாட்டுக்கு ஒரு ஆள் பிடிக்கத் துப்பில்லை, அடுத்தவன் பாட்டுக்கு ஒரு ஆளை உண்டாக்கி, பஸ் செலவும் கொடுத்து…

அத்தோடு போயிருந்தாலும் பரவாயில்லை. ஐப்பசியில் பட்டியல் வாசித்தபோது ஜெனோ எல்லோருக்கும் சொன்னான், என் பாட்டுல ஏதாவது நல்லா இருந்தா அது கல்லிடைக்குறிச்சி ஞானம்பாள் அம்மாவோட காது, தப்பு மட்டுந்தான் என்னோடது என்று. நானூற்று முப்பது பேரும் அந்த அம்மாளுக்கு வணக்கம் போட்டார்கள், எப்சிகூட, கையெடுத்துக் கும்பிடுகிற படத்தோடு. மெர்வின் அதைக் குளியலறையில் உட்கார்ந்து பார்த்தான், பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது, யார் மேல் என்று அப்போது பிடிபடவில்லை. அன்றைக்கே எழுதினான், உடம்புக்கு முடியவில்லை, இனி பாட்டு அனுப்ப வேண்டாம், இதுவே என் கடைசிக் கைப்பிடி. ஒழிந்தாள் என்று நிம்மதியாகத் தூங்கினான். இந்தப் பத்து நாளாக ஜெனோ ஒரு பாட்டும் போடவில்லை.

வீரவநல்லூரில் பஸ் நின்றபோது ஜெனோ போனை வாய்க்குக் கிட்டே வைத்துக்கொண்டு, பக்கத்தில் மெர்வின் இருப்பதையே மறந்தவனாகப் பேசினான். "அம்மா, நான் ஜெனோ. வீரவநல்லூர் வந்துட்டேன். நீங்க வேண்டாம்னு சொன்னாலும் ஒரு நிமிசம் வாசல்ல நின்னு பாத்துட்டுப் போயிருதேன். கூட மெர்வின்னு என் சேக்காளி வாராம்மா. பாளையங்கோட்டையிலேயே அவனுக்குத்தான் நல்ல காது. ஆனா இத்தன வருசத்துல என் பாட்டு நல்லாருக்கு, நல்லால்லன்னு ஒரு வார்த்த சொன்னதில்ல. நீங்க சொன்னீய. அதான் உங்களப் பாக்கணும்." சொல்லிவிட்டு விரலை எடுத்தான். மெர்வினின் சட்டைப் பையில் போன் ஒரு தடவை அதிர்ந்தது. கீபோர்டு உறையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். காது கேட்கிற தூரத்தில் வைத்துக்கொண்டே சொல்கிறானே, என்னிடம் சொல்வதற்கென்ன, திரும்பி என் முகத்தைப் பார்த்து, ஏலே, எப்படி இருக்கு சொல்லு என்று ஒருநாள் கேட்டால் என்ன… கேட்டிருக்கிறானோ? கேட்டிருக்கிறான். கோவில் காம்பவுண்டுக்குள் வேப்பமரத்தடியில், முதல் பாட்டை எழுதிக்கொண்டுவந்த அன்றைக்குக் கேட்டான். மெர்வின் பரவால்ல என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பாட்டு நன்றாக இருந்தது, அதுதான் காரணம்.

தடுத்துவிட வேண்டும், இப்போதே. உறைக்கு அடியில் போனை மறைத்துப் பிடித்து, கட்டைவிரலால் எழுதினான்… நான் ஊரில் இல்லை, மகன் வீட்டுக்குப் பம்பாய்… "ஏலே மெர்வின்!" ஜெனோ அவன் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தான், கண் பளபளவென்றிருந்தது. "அம்மா டைப் பண்ணுதாங்கலே! பாரு, பாரு, பத்து நாளைக்குப் பெறவு!" மெர்வினின் விரல் அப்படியே நின்றது. ஜெனோ திரையை முகத்தருகே கொண்டுபோய் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான். "நிறுத்திட்டாங்க" என்றான் பிறகு, குரல் இறங்கிவிட்டது. "முடியல போல. பாவம்லே." நாற்பது வயது ஆம்பளை, ஒரு பெண்பிள்ளை எழுதுவதை நிறுத்தியதற்குக் கண் கலங்குகிறான். எனக்கு டைபாய்டு வந்து பதினைந்து நாள் கிடந்தபோது இவன் சாத்துக்குடி வாங்கிவந்து, உட்காராமல் நின்றபடியே கொடுத்துவிட்டுப் போனான். நான் உட்காரச் சொன்னேனா? நினைவில்லை.

கல்லிடைக்குறிச்சியில் இறங்கினார்கள். ஜெனோ பர்ஸிலிருந்து மணியார்டர் தாளை எடுத்தான், ஒன்றல்ல, பதினேழு, எல்லாவற்றையும் ரப்பர் பாண்டு போட்டு வைத்திருக்கிறான், விலாசத்தைப் பார்த்து வழி கேட்டு நடந்தான். மெர்வின் கீபோர்டைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனான். சொல்லிவிடலாம், இந்தத் திருப்பத்துக்குள் சொல்லிவிடலாம், அப்பளக்கடை தாண்டுவதற்குள்… எப்படியும் பூட்டித்தானே கிடக்கப் போகிறது, பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவான், சொல்ல வேண்டிய அவசியமே வராது. திருப்பத்தில் நீலக் கேட் தெரிந்தது. பூட்டு இல்லை. வாசல் தெளித்திருந்தது, ஈரம் காயாத கோலம், கம்பியில் ஒரு புடவை காய்ந்துகொண்டிருந்தது. யார் வந்தார்கள், எப்போது வந்தார்கள்… ஜெனோ அழைப்பு மணியை அழுத்தினான். உள்ளே எங்கேயோ நாற்காலி நகர்கிற சத்தம், அப்புறம் பைய வருகிற காலடி. "யாரு" என்று குரல் வரவில்லை. ஜெனோ அவன் காதோடு சொன்னான், "அவங்கதாம்லே. குரலே வரல பாரு."

மாட்டிக்கொள்ளப் போகிறோம் என்று மெர்வின் பயப்படவில்லை, அதுதான் அவனுக்கே விநோதமாக இருந்தது. கதவைத் திறப்பவள் ஞானம்பாளாகவே இருந்துவிட்டால்? தபாலாபீஸில் வேலை பார்த்தவளாக, வீணை தெரிந்தவளாக, தொண்டையைத் தொட்டுக் காட்டி உள்ளே வா என்று ஜெனோவைக் கூப்பிடுகிறவளாக… அப்படி இருக்க முடியாது என்று தெரியும், தெரிந்தும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். பதினேழு மாதம் ராவும் பகலும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது இவனல்லவா, எழுதினது இவனல்லவா, யாரோ ஒருத்தி வந்து நின்று அந்த நன்றியை எல்லாம் வாரிக்கொண்டு போவதா? ஜெனோ சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்துகொண்டான், தலைமுடியை ஒதுக்கினான், வேட்டி நுனியைத் தட்டிவிட்டான். மெர்வின் வீட்டு வாசலில் ஒருநாளும் அவன் இப்படி நின்றதில்லை. உள்ளே தாழ்ப்பாள் நகர்ந்தது. மெர்வின் கீபோர்டைத் தோளிலிருந்து இறக்காமலே ஓர் அடி எடுத்து வைத்து, ஜெனோவுக்கும் கதவுக்கும் நடுவில், ஜெனோவின் முகத்தைப் பார்த்துப் போய் நின்றான்.