முன்வட்டி பிடித்த கணக்கு

ஆசிரியர் பயிற்சித் தேர்வில் கணக்கில் மட்டும் இரண்டு தடவை தோற்றவன் நான். மூன்றாவது தடவையும் கோட்டை விட்டால், திண்டிவனத்துக்குப் பக்கத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் என் தற்காலிக வேலை போய்விடும் என்று பாதிரியார் எழுத்திலேயே கொடுத்துவிட்டார். போனால் நானும் என் மனைவி ஜெயமும் மறுபடி மல்லாட்டை என்கிற நிலக்கடலைக் கொல்லையில் கூலிக்கு நிற்கவேண்டியதுதான். எங்கள் சனத்தில் அதுவரை நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கியவன் நான் ஒருவன்தான்.

தேர்வுக் கட்டணத்துக்கும் ரயில் செலவுக்கும் ஜெயம் மண்டிக்கார முத்துசாமியிடம் கடன் வாங்கி வந்தாள். இருபது ரூபாய்க்குக் கைநாட்டு. கையில் வந்தது பதினெட்டு. மல்லாட்டை பிடுங்குகிற வரைக்குமான வட்டி முழுவதையும் முன்னதாகவே பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதற்கு யாரும் வருத்தப்படக்கூட மாட்டோம்.

முப்பத்தொன்பதாம் வருஷம் விழுப்புரத்தில் தேர்வு எழுதினேன். கணக்குத் தாளில் ஐந்தாவது கேள்வி: ஒருவர் ஐந்நூறு ரூபாயை இரண்டு பங்காக்கி, ஒன்றை நாலு சதவீத வட்டிக்கும் மற்றதை ஆறு சதவீத வட்டிக்கும் கொடுத்தார். ஒரு வருஷ வட்டி மொத்தம் இருபத்தைந்து ரூபாய். பங்குகள் எவ்வளவு?

முழுவதும் நாலு சதவீதமென்றால் இருபது ரூபாய் வரும். கூடுதல் ஐந்து ரூபாய் ஆறு சதவீதப் பங்கால் வந்தது. நூற்றுக்கு இரண்டு கூடுதல் என்றால் அந்தப் பங்கு இருநூற்றைம்பது. மற்றதும் இருநூற்றைம்பது. எழுதிவிட்டேன். மற்ற கேள்விகளில் பாதிதான் தேறும். இந்த மார்க்கு வந்தால் பாஸ்.

அப்போதுதான் சனியன் பிடித்தது. சரிபாதி வருவதையா ஒரு கேள்வியென்று கேட்பான்? ஜெயத்தின் உள்ளங்கையில் கிடந்த பதினெட்டு ரூபாய் கண்முன் வந்தது. வட்டியைப் பிடித்துக்கொண்டால் அந்த ஆள் கொடுத்தது நானூற்று எழுபத்தைந்துதானே! அதைப் பிரித்துப் பார்த்தேன். ஆறு சதவீதத்துக்கு முந்நூறு, வட்டி பதினெட்டு. நாலு சதவீதத்துக்கு நூற்றெழுபத்தைந்து, வட்டி ஏழு. கூட்டினால் இருபத்தைந்து. ஒரு பின்னம்கூட வரவில்லை. இந்தச் சூட்சுமம் தெரியாமல்தான் இரண்டு தடவையும் கவிழ்ந்தோம் என்று தோன்றியது. முதலில் எழுதியதை அடித்துவிட்டு, மணியடிப்பதற்குள் இதை எழுதி முடித்தேன்.

வெளியே, மயிலத்திலிருந்து வந்து தேர்வெழுதிய தேவநாதன் எல்லோருக்கும் விடை சொல்லிக்கொண்டிருந்தான். இரண்டும் இருநூற்றைம்பதாம். முன்வட்டி பிடிக்கவேண்டாமா என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"சவுரிராயா, கேள்வியில அது எங்க இருக்குது?"

இல்லைதான். கேள்வி எழுதிய மகராசன் ஒருநாளும் கடன் வாங்கியிருக்கமாட்டான். அவன்மேல் ஆத்திரம் வந்தது, என்மேல் அதைவிட. கொடுத்த விடைத்தாளை ஓடிப்போய்ப் பிடுங்கவா முடியும்?

என்கூடவே விழுப்புரம் வந்திருந்த ஜெயம் ஸ்டேஷனில் காத்திருந்தாள். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் கணக்கைச் சொல்லச் சொன்னாள். எழுதியதை அப்படியே சொன்னேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்தவள் முகம் மலர்ந்தது.

"சரியாத்தாங்க போட்டுக்கீறீங்க. வட்டியப் புடிச்சிக்கினுதான குடுப்பாங்க? இந்தவாட்டி பாஸ் ஆயிடுவீங்க."

வண்டி ஏறிய பிறகு உண்மையைச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். திண்டிவனம் வந்தும் சொல்லவில்லை.